வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

ஸ்ரீரங்கம்
16-6-57

அன்புள்ள ரோசரிக்கு,

கோதை எழுதுவது. ரங்கநாதன் கிருபையில் இங்கு எல்லாரும் க்ஷேமம். நாம் படித்த பள்ளிக்கூடத்திலேயே, அதுவும் நீ பாடம் நடத்தும் நாலாவது பாரத்திலேயே, என் பெண் வைதேகிக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டாய். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

காலையில் அவள் பஸ் ஏறிப் போனதும் அகம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. மன்னி நல்லவள், ஆனால் பேசமாட்டாள். அண்ணா ஆபீஸிலிருந்து வந்தால் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். இருந்தும் தபால்காரர் தயவில்தான் பேசிக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் தவிரப் பெண்கள் தனியாக வெளியே போகிற வழக்கம் இங்கே கிடையாது.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. ஜாம்ஷெட்பூரில் என் ஆத்துக்காரருக்கு மார்வலி வந்த அன்று தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஒரே ஆண்கள். எந்த ஜன்னல், எந்தக் காகிதம், ஒன்றும் புரியவில்லை. ஐரோப்பாவின் நதிகளை மூச்சு விடாமல் ஒப்பித்தவள் திரும்பி வந்து, அண்ணாவுக்கு அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அது ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. ஆத்துக்காரரோ இரண்டாம் நாளே போய்விட்டார். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் கொள்ளி வைத்தார்.

உன் வகுப்புப் பெண்களுக்கு இந்த மாதிரிக் காரியங்களைச் சொல்லிக் கொடேன். நதிகள் எங்கேயும் ஓடிப் போகாது.

உன்
கோதை

---

பாலக்கரை
13-7-57

சேசு மரி சூசை

அன்புள்ள கோதைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷமாக இதை மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்தாயாடி?

தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை வாங்கிவிட்டேன். போன வாரம் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய் டிக்கெட் எடுக்க வைத்தேன். நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடம். நாற்பது பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். உன் மகள்தான் முதலில் போய் ஜன்னலில் கை நீட்டினாள்.

வரும் வெள்ளிக்கிழமை தந்தி ஆபீஸ். நிஜமாகவே ஒரு தந்தி கொடுக்கப்போகிறோம். யாருக்கு என்று கேட்காதே.

அம்மா போனபிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. பரீட்சைத் தாள்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. அது நீ கொடுத்தது.

அன்புடன்
ரோசரி

---

ஸ்ரீரங்கம்
21-7-57

அடி ரோசரி,

என்ன காரியம் செய்தாய்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் "கோதை அம்மா, தந்தி!" என்று குரல். இந்தத் தெருவில் தந்தி என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். மன்னியின் அப்பா கும்பகோணத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவள் "அப்பா!" என்று அலறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டுவிட்டாள். அக்கம்பக்கத்து மாமிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் பிரித்தேன். "எல்லாரும் சௌக்கியம். வைதேகி" என்று இங்கிலீஷில் இருந்தது.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவர் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அண்ணாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா ஊர் சுத்தக் கத்துக்கொடுக்கறாளா?" என்று குதிக்கிறார். கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இரு.

கோதை

---

பாலக்கரை
3-8-57

அன்புள்ள கோதைக்கு,

உன் அண்ணா சும்மா இருக்கவில்லை. பதினோரு பெற்றோர் கையெழுத்துப் போட்ட மனு வந்திருக்கிறது. வயசுப் பெண்களை நான் தெருவில் நிறுத்துகிறேனாம், ஆண்கள் கூட்டத்தில் தள்ளுகிறேனாம். தலைமை ஆசிரியை படித்துக் காட்டினார்கள். தாளைக் கையில் கொடுக்கவில்லை. பதினேழாம் தேதி கமிட்டி கூடுகிறது. அன்றைக்கு என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

கோதை, நீ ஒரு கடிதம் எழுது. நாலு வரி போதும். "இதைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னதே நான்தான், என் நிலைமை இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது என்று கேட்டேன்" என்று எழுது, அவ்வளவுதான். பெற்ற தாய் ஒருத்தி எனக்காகப் பேசினால் அவர்கள் கேட்பார்கள். எனக்கு வேறு யாரும் இல்லை.

ரோசரி

---

பாலக்கரை
18-8-57

கோதைக்கு,

தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கமிட்டியில் மனுவை என் முன்னால் வைத்தார்கள். நாலாவது கையெழுத்து உன்னுடையது. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்! உன் ஜூன் மாதக் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

மணப்பாறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பீரியடைத் தையலுக்குக் கொடுத்தாயிற்று. மாதா உன்னையும் குழந்தையையும் காப்பாற்றட்டும்.

ரோசரி

---

ஸ்ரீரங்கம்
8-9-57

என் ரோசரிக்கு,

உன் புது விலாசத்தைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைதேகிதான் வாங்கி வந்தாள்.

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அண்ணா காகிதத்தைக் கொண்டுவந்து, "பெத்தவ நீதானே, நீயும் ஒண்ணு போடு" என்று பேனாவைத் திறந்து நீட்டினார். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் காத்துக்கொண்டு நிற்கிறாரே என்று போட்டேன். அவ்வளவுதான். உன் கடிதம் அதற்கப்புறம் வந்தது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுதினால் அண்ணா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே யோசித்துக்கொண்டு பதினேழாம் தேதியைத் தாண்டிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எதிர்த்துக் கேள்வி கேட்டு நீ வாரம் ஒரு தடவை பெஞ்சு மேல் நிற்பாய். நான் வருஷா வருஷம் நன்னடத்தைப் பரிசு வாங்கினேன். எனக்கு நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் ரோசரி.

போன வாரம் அண்ணா வைதேகியைக் கூப்பிட்டு, தந்தி கொடுத்தது தப்பு என்று மன்னியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் நேராகப் பார்த்து, "மாமி பயந்துண்டதுக்கு வருத்தமா இருக்கு மாமா. ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். உன் பெண் என்று பெருமையாக இருந்தது. என் பெண் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே மனு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "படிக்காம போட்டியா அம்மா, படிச்சுட்டுப் போட்டியா?"

படித்துவிட்டுத்தான் போட்டேன் என்றேன்.

இன்றைக்கு ஆறு நாள் ஆகிறது, என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், பஸ் ஏறிப் போகிறாள். நீயும் பேசமாட்டாய். திட்டியாவது ஒரு கார்டு எழுதேன். அண்ணா எடுத்துப் படித்தால் படிக்கட்டும்.

கோதை