தேர்முகப்புத் தகடும் ஒரு தேங்காயும்

வேலேந்திய வள்ளிநாயகன் திருவடி என் சொல்லுக்கு முன்னிற்க.

சம்பந்தி அவர்களுக்கு,

தலவாக்கலைக் கோயில் தேரின் முகப்பில் நீங்கள் பொருத்திய பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, படங்களுக்குக் கண்ணாடி போடும் என் கடைக்கு நேற்றுக் கொண்டுவந்தார்கள். கற்பூரப் புகை அதில் இன்னும் மணக்கிறது. கீறல் மண்டி, ஓரம் மஞ்சளித்துவிட்டது. "இந்த வருசம் நீங்களே ஒன்னு போட்டுத் தாங்கய்யா" என்று கோயில் சபையார் கேட்டபோது என் உள்ளம் குளிர்ந்தது.

தூறலிலிருந்து சுவாமியைக் காக்க முதலில் அங்கே நின்றது என் உபயமான கண்ணாடியல்லவா? வாசலில் அடித்த சிதறுதேங்காயின் சில்லொன்று தெறித்தது. பட்ட புள்ளியிலிருந்து விரிசல் நாற்புறமும் ஓட, சுவாமியின் மாலைக்குள் கண்ணாடித் துண்டுகள். குருக்கள் அவற்றைப் பொறுக்கி முடிக்கும்வரை தேர் நகரவில்லை. மறு ஆண்டு, எதிர்வரிசையில் இரும்புக்கடை வைத்திருந்த நீங்கள் இந்தத் தகட்டோடு வந்தீர்கள். இதன்மேலும் சில்லு விழுந்தது. தொம்மென்று உள்வாங்கி, நிமிர்ந்துகொண்டது.

"உங்க கண்ணாடி ரோசக்காரன் சம்பந்தி. வளையமாட்டான், பட்டா ஒடஞ்சிருவான். நம்மாளு அடிய ஒடம்பு பூரா பரப்பி வாங்கிக்குவான்" என்றீர்கள்.

"துணி பட்டாலே கீறல் விழுற ஆளுதானே?"

"விழட்டுமே. சாமி தெரியுறாருல்ல?"

அன்றுமுதல் தேர் காண வந்தோர் சுவாமியைத் தொழுதபின் உங்களைத் தேடினார்கள். உங்கள் மருமகளாய் வந்த என் மகளும் "மாமா தகடு" என்றே பெருமை பேசினாள். நீங்கள் மறைந்த பின்னும் அப்பேச்சு ஓயவில்லை.

பல்லாண்டு வெயில் குடித்த தகடு முறுகி நொறுங்கும் என்பார்கள். இன்று காலை அதைக் கடைக்குப் பின்னால் இரு கட்டைகள்மீது கிடத்தி, ஒரு தேங்காயை ஓங்கி அடித்தேன். உடைய வேண்டுமென்றே அடித்தேன். தகடு வளைந்து எழுந்தது. எகிறிய தேங்காய் படிக்கல்லில் மோதிப் பிளந்து, தண்ணீர் என் முகமெல்லாம் தெறித்தது.

கதவருகே என் மகள். "என்னப்பா, மாமாவுக்குச் செதறுதேங்காயா?"

தேருக்கென எடுத்துவைத்த கண்ணாடியைச் சுவாமி படமொன்றுக்கு வெட்டிவிட்டேன். அதே வகையில் புதிய தகடொன்று தரும்படி, இப்போது உங்கள் கடையைப் பார்க்கும் உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கும் உங்கள் பெயரே வழங்கும். "சாமி தெரியுறாருல்ல?" என்ற உங்கள் குரல் கண்மூடித் தொழும்போதும் கேட்கிறது. தெரிகிறார் சம்பந்தி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இம்மடலை வாசிப்போர் நலமுடன் வாழ்க. அவர்தம் மனையில் விளக்கொளியும் உறவும் குன்றாது ஓங்குக.