முனியனின் பூட்ஸ்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து புழுக்கம். நேற்றுத் துவைத்த துணி இன்னும் காயவில்லை. கேஸ் புக் பண்ணணும். இட்லி அரிசி. தையல்காரியிடம் ஜாக்கெட்.

அவர் விடியற்காலையே கிளம்பிவிட்டார். சரக்கு வண்டி. வெள்ளிக்கிழமைதான் விழுப்புரம் திரும்புவார். எஞ்சினில் போன், டேப்லெட் எதையும் தொடக்கூடாது, அதனால் டேப்லெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். டி.வி. மேல், என் பழைய துப்பட்டாவில் சுற்றி.

எழுதக் கூசுகிறது. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக, அவர் வண்டியோடு போனதும் அந்த டேப்லெட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் திண்டிவனம் ரயில் ஏறுகிறேன். அதிலிருக்கும் பாதாள கேமைத்தான் விளையாடுகிறேன். நான்தான். ஜெயந்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அத்தனை பேர் முன்னால், "எங்க வூட்டு டிரைவரு ரயில ஓட்டுறத வுட எலியத் தொரத்துறதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரிக்க வைத்த அதே நான். அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார். பாயசம் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். நாற்பத்து மூன்று வயது மனிதர்.

முதலில் அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்றுதான் திறந்தேன். ஒரு குட்டை ஆள், கையில் கோடாலி, தளம் தளமாகக் கீழே இறங்கிப்போகணும். செத்தால் செத்ததுதான். அந்த ஆள், அவன் பொருள், எல்லாம் அழிந்துவிடும். முதல் தளத்திலிருந்து புது ஆளாகத் தொடங்கணும். என் ஆட்கள் யாரும் மூன்றாம் தளம் தாண்டியதில்லை.

அவருடைய ஆள் பெயர் முனியன். மூன்று வருஷமாக முட்டி மோதி, இந்த ஆனியில்தான் முதல்முறையாகப் பதினேழாம் தளம் வந்திருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார். நான் "ரசம் போடட்டுமா" என்றேன்.

இன்று என் ஆள் விக்கிரவாண்டி வருவதற்குள் எலியிடம் செத்தான். எரிச்சல். முனியனைத் தொட்டேன். ஒரே ஒரு அடி வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று. தெரியாமல் பட்டது இல்லை. தெரிந்தேதான்.

எதிரில் ஒரு கோயில் மாதிரி. விளக்கு, மேடை, மேடையில் ஏதோ சிலை. தரை மட்டும் கறுப்பு. நான் என்ன செய்தேன்? முனியன் காலில் இருந்த பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. செருப்போடு சன்னிதிக்குள் போவேனா?

உள்ளே காலை வைத்ததும் திரை ஓரத்தில் ஒரு கறுப்புத் துளி. அடுத்த அடிக்கு உயிர்க்கோடு கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம். ஓடி வெளியே வந்தேன், பூட்ஸைக் காணோம். எவனோ திருட்டுக் குள்ளன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கோயில் வாசல் என்றால் எல்லா ஊரிலும் இதுதான் போலிருக்கிறது.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, சீரியலா?"

"ஆபீஸ் வேலைம்மா" என்றேன்.

மயிலம் தாண்டியிருந்தது. மூடிப் பைக்குள் வைத்தேன். கை வேர்த்து ஸ்க்ரீனெல்லாம் ஈரம்.

ஆகஸ்ட் 6, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. ஆபீஸில் மனசே இல்லை. ஒரு கிரயப் பத்திரத்தில் எல்லைகளைத் தட்டும்போது "வடக்கே முனியன் நிலம்" என்று அடித்திருக்கிறேன். பத்திரம் எழுதும் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரும்மா இந்த முனியன்? பார்ட்டி சொல்லவே இல்லியே." கிளியனூர்க்காரர் நிலம் அது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தினேன்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் டேப்லெட்டைத் திறந்தேன். புரிந்தது இவ்வளவு:

நின்றால் கசிவதில்லை. நடந்தால் கசியும். அடிக்கு அடி.
மருந்துக் குப்பி குடித்தால் ஏறுகிறது, அடுத்த பத்து அடியில் இறங்கிவிடுகிறது. இரண்டு குப்பி வீண்.
நின்றுகொண்டே இருந்தால் பசி. பசியோடு நின்றால் ஏதாவது ஒன்று கடிக்க வரும்.

அப்படியே விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை அவர் திறப்பார், நாலு அடி வைப்பார், முனியன் விழுவான். மூன்று வருஷம் போய்விடும். என்னிடம் வந்து சொல்வார். நான் என்ன சொல்வேன், ரசம் போடட்டுமா என்றா?

சாயந்திரம் வீட்டிலிருந்து போன் செய்தேன். ரன்னிங் ரூமில் இருந்தார், டிரைவர்கள் தங்குகிற இடம். பின்னால் கேரம் சத்தம்.

"சாப்டிங்களா?"

"இப்பத்தான் சாப்ட்டேன். இன்னா விஷயம்? நீ இந்நேரத்துக்குப் போன் பண்ண மாட்டியே."

"சும்மாதான். ஏங்க, அந்த கேம்ல, கறுப்புத் தரை இருக்கற கோயில் வருமா?"

கேரம் சத்தம் தள்ளிப்போனது. எழுந்து வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"எந்த கேமு? என் கேமா?"

"ஆமாங்க. நீங்க அன்னிக்கு சொல்லிக்கினு இருந்தீங்களே. பூட்ஸ் இல்லாம உள்ள போனா இன்னா ஆவும்?"

அவ்வளவுதான். மனிதர் ஆரம்பித்தார். "அய்யய்யோ, அதாண்டி இருக்கறதுலயே பேஜாரு! லீக் ஆவும். உசுரு லீக் ஆவும். எவ்ளோ பாரம் தூக்கினு போறமோ அவ்ளோ ஜாஸ்தி லீக் ஆவும், தெரியுமா? நெறய பேரு மருந்தக் குடிச்சுக் குடிச்சே சாவான். குடிக்கவே கூடாது. பாரத்தக் கொறைக்கணும். மேல ரெண்டு ஃப்ளோர் ஏறுனா ஒரு கெணறு இருக்கும். அதுல காலக் கழுவணும். கழுவுனா நின்னுடும். மந்திரச் சுருள் இருந்தா இன்னும் ஜல்தி, நடக்காமலே எட்டிப் போயிடலாம், நடந்தாத்தான லீக்?"

எத்தனை வருஷம் ஆயிற்று இவர் என்னிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி. எனக்கு நிறுத்தவும் தோன்றவில்லை. எலி, வௌவால், குள்ளன், எந்தக் கதவைத் திறக்கக்கூடாது, எல்லாம் சொன்னார். நடுவில் யாரிடமோ, "இருப்பா, வூட்ல பேசிக்கினு இருக்கேன்" என்றார். குரல் கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

நான் இந்தப் பக்கம் தரகர் மாதிரி குறித்துக்கொண்டிருந்தேன். பாரம், கிணறு, சுருள். போனை வைத்ததும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

திடீர் மழை, காலை வண்டி லேட். நல்லதாகப் போயிற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு மூலை சீட்டில் உட்கார்ந்து திறந்தேன்.

பாரத்தைக் குறைக்கணும் என்றாரே. முனியனின் மூட்டையைப் பார்த்தேன். வெள்ளிக் கவசம். ஒன்பதாம் தளத்தில் ஏதோ பாம்பை வென்று எடுத்தது, அன்றைக்கு அவர் எழுந்து நின்று கைதட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அக்கம்பக்கத்துல இன்னா நெனைப்பாங்க" என்றேன் அப்போது. இரண்டு கேடயம். ஒரு இரும்புப் பெட்டி. எல்லாவற்றையும் கீழே போட்டேன். கவசத்தைக் கடைசியாகப் போட்டேன். வெறும் கோடாலியும் ஒரு ரொட்டியும்தான் மிச்சம்.

படிக்கட்டு வரை நடந்தேன். கசிவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் நிற்கவில்லை. முண்டியம்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. "மல்லாட்ட, மல்லாட்ட, சூடா அவிச்ச மல்லாட்ட" என்று வேர்க்கடலைக்காரி ஒருத்தி என் தோளில் கூடையை இடித்துக்கொண்டு போனாள். விரல் தவறி முனியன் திரும்ப மூன்று அடி பின்னால் நடந்தான். அந்த அம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்ட வாய் வந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

பதினாறாம் தளம். தரையில் ஒரு மந்திரச் சுருள் கிடந்தது, எடுத்துப் படித்தேன், எங்கோ மூலையில் போய் விழுந்தான். நல்ல மூலைதான், படிக்கட்டுக்குப் பக்கம். பேரணியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட ரயிலை நிறுத்திவிட்டார்கள். வௌவால் ஒன்று வந்தது. அடிப்பதா, ஓடுவதா? ஓடினால் கசியும். நின்று அடித்தேன். அது கடித்ததில் உயிர்க்கோடு சிவப்பாகிவிட்டது. சிவப்பு என்றால் கோடு இருப்பதே தெரியவில்லை.

பதினைந்தாம் தளம். கிணறு அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது, ஏறினதும் இடது கைப் பக்கம். நடுவில் கொஞ்சம் தரை. அத்தனை அடி தாங்குவானா தெரியவில்லை. "முருகா" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். எதிர் சீட்டுப் பெரியவர், "மைலம் இன்னும் வர்லம்மா, அடுத்ததுதான்" என்றார், நான் மலையைக் கும்பிடத் தேடுகிறேன் என்று நினைத்து.

நடந்தேன். ஒவ்வொரு அடியாக. காலைக் கழுவினான். கறுப்புத் துளி போய்விட்டது.

அழுதுவிட்டேன். ரயிலில். முந்தானையால் துடைத்துக்கொண்டு, பெரியவரைப் பார்த்துச் சிரித்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் காப்பாற்றியிருக்கிறேன். யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆளிடம்தான் சொல்ல முடியாது.

சாயந்திரம் கவசத்தை எடுக்கத் திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அந்த உயிரோடு பதினேழாம் தளம் இறங்கினால் செத்துப்போவான். விட்டுவிட்டேன். துப்பட்டாவில் சுற்றி டி.வி. மேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. லீவு போட்டேன். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், தூக்கில் வாங்கி வந்தேன். கேப்பைக் கூழ், முருங்கைக்கீரை, கருவாடு. அவருக்குப் பிடிக்கும்.

வந்தார். குளித்தார். கூழ் இரண்டு சொம்பு. நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பிரித்தார். நான் அடுப்படியில் ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தேன்.

அடுப்பையும் துடைத்தேன்.

"தேவகி, இங்க வா."

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

"நான் இத எப்ப ஆடுனேன்?" முகம் வெளிறிப்போயிருந்தது. "பூட்ஸ் இல்ல. கவசம் இல்ல. ரெண்டு ஃப்ளோர் மேல நிக்கிறான். லீக் ஆயி, கால் கழுவியிருக்கு. ஒண்ணுமே ஞாபகம் இல்லடி எனக்கு."

நான் தொட்டிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? எலி துரத்துகிற கேம் என்று சொன்னவள்.

"தூக்கக் கலக்கத்துல ஆடியிருப்பீங்க" என்றேன்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

தலையாட்டினார். "தூக்கத்துல இத்தன வேல செஞ்சிருக்கேன்னா, வண்டில இன்னா செய்வேன்?" என்றார். டேப்லெட்டை மூடி வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

சீ. என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். பால்காரர் வரவில்லை.

எழுந்து வந்தால் அவர் குளித்து, சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு டியூட்டி இல்லையே என்றேன்.

"டாக்டரப் பாத்து சொல்லிடறேன். ஞாபகம் தப்புதுன்னு. செக் பண்ணட்டும்."

"சொன்னா எஞ்சின் குடுப்பாங்களா?"

"குடுக்கமாட்டான். டெஸ்ட்டு எல்லாம் முடியற வரைக்கும் எங்கனா ஆபீஸ்ல குந்த வெப்பான். பரவால்ல. நான் சிக்னல மறந்து போயி நின்னா, எதுத்தாப்புல வர்ற வண்டில எவ்ளோ ஜனம் இருக்கும்?"

நிதானமாகத்தான் சொன்னார். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். இருபது வருஷமாக ஒரு தப்பு செய்யாத மனிதர், ஒரு கேமுக்காக, என் ஒரு பொய்க்காக, தன்னைத் தானே இறக்கிவிடக் கிளம்புகிறார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தானுக்கு வந்துவிட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

"இன்னா நீதான்?"

"நான்தான் ஆடுனேன். முனியன. டேப்லெட்ட எடுத்துக்கினு ரயில்ல போவேன். ரெண்டு மாசமா. பூட்ஸ நான்தான் கழட்டுனேன்."

"பூட்ஸ எதுக்குடி கழட்டின?"

"கோயில் மாதிரி இருந்திச்சிங்க."

என்னையே பார்த்தார். சிரித்துவிடுவார் என்று ஒரு நொடி நம்பினேன். உதடு கொஞ்சம் அசையவும் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார், ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி அது, எனக்குத் தெரிந்தது. மன்னிச்சிடுங்க என்றேன். கவசம் போட்டது, வௌவால், கிணறு, எல்லாம் உளறினேன். அழுதேன் என்பதையும் சொன்னேன். சரி சரி என்று கையைக் காட்டினார். கோபமே இல்லை.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார்.

"அப்ப, புதன்கெழம போன்ல கேட்டது? அது இதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இன்னொரு பொய் வரவில்லை. முழுக்க அதற்காக மட்டும் இல்லை, பாதியில் எனக்கே கேட்கப் பிடித்திருந்தது என்று எப்படிச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள்.

பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை ஆணியில் மாட்டினார்.

"போன வெச்சதும் ரன்னிங் ரூம்ல எல்லாருகிட்டயும் போயி சொன்னேன், தேவகி. எங்க வூட்ல என் கேம பத்தி கேக்குறாங்கன்னு."