புகையிலைத் தோட்டத்துப் புத்தகங்கள்

என் அன்பான ஐயாவுக்கு,

விடியத் தேத்தண்ணியோடு உங்களை எழுப்பிய மகள் எழுதுகிறேன். பழக்கதோஷத்தில் இன்றும் உங்கள் மூக்குப்பேணியைக் கழுவி வைத்துவிட்டேன். குடிக்க ஆள் இல்லை. அம்மா போன பிறகு நாம் இருவர் மட்டும் இருந்த வீடு, எனக்கு ஒருத்திக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை அண்ணை கொண்டுவந்து காட்டினார். முதலில் தேவாரம், பிறகு உங்கள் படம், அதன் கீழே ‘உரும்பிராய்ச் சிறுவரின் கல்விக் கண் திறந்த வள்ளல்’. வாசிகசாலைத் தலைவராக இருந்த காலமெல்லாம் ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு நீங்களே புத்தகம் தெரிவு செய்தீர்களாம். அதை மகள் எழுதினால்தான் அழகு என்று எனக்கு ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். அண்ணை இதை அச்சில் போடுவாரோ தெரியாது. “செத்த மனிசனோடை என்னடி சண்டை?” என்று கேட்பார். இருந்த மனிதனோடு சண்டை பிடிக்க என்னை எங்கே விட்டீர்கள்?

பொய் சொல்லக்கூடாது, நீங்கள் நன்றாகத்தான் தெரிவு செய்தீர்கள். சைக்கிளில் யாழ்ப்பாணம் போய், கடையில் நின்றபடியே ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்து வாங்குவீர்கள். கடல் தாண்டிப் போகும் கதை, கதைக்கிற முயல், சந்திரனுக்குப் போகும் பெடியன். அவையெல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் போகும். வெளியே தாழ்வாரத்தில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. நம் கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது. அவர்கள் வாசிகசாலைப் படி ஏறக்கூடாது, பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போகலாம். “மற்ற ஊருகளிலை உதுவும் இல்லை” என்று வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியைக் காட்டுவீர்கள்.

பெட்டிக்குரியதையும் நீங்கள்தான் தெரிவு செய்தீர்கள். நகம் வெட்டுவது எப்படி, தினமும் குளிப்பது ஏன், பெரியோர் சொல் கேட்டு நடந்த பிள்ளை என்று எல்லாம் புத்திமதி. குளிக்கக் கிணறு கொடுக்காத கையால் குளிப்பதைப் பற்றிப் புத்தகம் கொடுத்தீர்கள். அது ஒரு பகிடி என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா, ஐயா?

எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கை பட்ட புத்தகம் அலுமாரிக்குத் திரும்பாது. என்னோடு நாலாம் வகுப்பில் படித்த பவளம் ஒருநாள் வாசிகசாலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் காட்டிய கடல் கதையின் படத்தை விரலால் தொட்டுவிட்டாள். கண்டுவிட்டீர்கள். புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் எறிந்தீர்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பின்னாலேயே ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டு பறந்தாள். அடுத்த நாள் முழுக்கதையும் அவளுக்கு மனப்பாடம். “எடியே, உங்கடை ஐயா நாங்கள் தொட்டதெல்லாம் தாறாரடி” என்றாள்.

அந்த வருட விடுமுறைக்கு வந்த புதுப் புத்தகங்களை, சந்தனம் தொட்டு வாசிகசாலை மேசையில் பரப்பி வைத்திருந்தீர்கள். அரசாங்கக் காரியாதிகாரி வந்து விழாவைத் தொடக்கிவைக்க வேண்டும். அவரை எதிர்கொள்ள மாலையோடு பெரியவர்கள் எல்லோரும் ஒழுங்கை முகப்புக்குப் போன நேரம், பவளமும் அவள் அயல் பிள்ளைகளும் படி ஏறி வந்தார்கள். ஒன்றையும் எடுக்கவில்லை, கிழிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் உள்ளங்கையை வைத்தார்கள். நடுவில் இருந்தது எட்டாமல் ஒரு சின்னவன் மேசைமேல் ஏறித் தொட்டான். நான் மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

உள்ளே வந்த காரியாதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எல்லாப் பிள்ளையளும் ஒண்டாய் நிண்டு புத்தகம் பாக்கினம். தலைவர், இதெல்லோ முன்னேற்றம்!” என்று உங்கள் முதுகில் தட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் போன பிறகு நீங்கள் யாரையும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்கு மன்னித்திருப்பேன். நம் தோட்டத்தில் வேலை செய்த பவளத்தின் தகப்பனைக் கூப்பிட்டீர்கள். அவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

“நயினார், பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுது.”

“தெரிஞ்சுதான் செய்தவள். கெட்டிக்காரி” என்றீர்கள். “சட்டம் சட்டந்தான். தொட்டதெல்லாம் அவையின்ரை. எல்லாத்தையும் பெட்டியிலை அடுக்கித் தூக்கு.”

பிள்ளைகள் துள்ளினார்கள். பவளம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பெட்டி அவர் தலையில் ஏறிய பிறகுதான், “வீட்டை இல்லை, தோட்டத்துக்கு” என்றீர்கள்.

புகையிலைக்குக் குழை தாழ்க்கக் கிடங்கு வெட்டியிருந்த நாட்கள் அவை. பூவரசங் குழை உரத்துக்காகக் கிடங்கில் பரவிக் கிடந்தது. அதன்மேல் புத்தகங்களைப் போட்டு மண்ணால் மூடச் சொன்னீர்கள். மூடியது அவர்தான், தன் பிள்ளை பார்க்கப் பார்க்க. பவளம் கிடங்கின் ஓரத்துக்கு வந்தாள்.

“நயினார், அந்த முயல் என்ன சொன்னதெண்டு மட்டும் பாத்திட்டுத் தரட்டே?”

“நாளைக்கு முளைக்கும், வந்து பார்” என்றீர்கள்.

அந்த முறை புகையிலை நன்றாக வந்தது. அதில் சுற்றிய சுருட்டைச் சாய்மனைக் கதிரையில் கிடந்து பத்திக்கொண்டு, “நல்ல காரம்” என்றீர்கள். நான் உங்கள் காலடியில் இருந்தேன். அந்த மணம் எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பிறகு காலம் மாறியது. தேயிலைப் பெட்டி போய்விட்டது, எல்லோரையும் படி ஏற விட்டீர்கள். ஆனால் அலுமாரியைப் பூட்டித் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டீர்கள். யாருக்கு எது என்று நீங்கள் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பீர்கள். உங்கள் உடலைக் குளிப்பாட்டியபோது அந்தத் திறப்பை அவிழ்த்து என்னிடம் தந்தார்கள்.

நீங்கள் பாயோடு கிடந்த மாதங்களில் வாசிகசாலைக்காரர் என்னைக் கேட்டதால், இந்த ஓகஸ்டுக்கு நான் தெரிவு செய்தேன். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் முகத்தைக் காணும் புத்தகங்களாக வேண்டும் என்று கடை கடையாக அலைந்தேன். குருநகரில் கடலுக்குப் போகும் தகப்பனுக்காக மாதாவிடம் மன்றாடும் சிறுமி, மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, நோன்பு பிடிக்கும் வீட்டுப் பெடியன், சிங்களத்தில் இருந்து தமிழுக்கு வந்த நரிக் கதை, ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. “ரீச்சர், உப்பிடியான கதையளைப் பிள்ளையள் விரும்பாயினம். ராசா கதை கொண்டு போங்கோ” என்றார் கடைக்காரர். அவரோடு வாய்த்தர்க்கப்பட்டுத்தான் வாங்கினேன். எனக்கு என்மேலேயே நல்ல பெருமை.

போன கிழமை அவற்றை முதலில் பவளத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் இப்போது நெசவுசாலையில் வேலை செய்கிறாள், ஒரு மகள் இருக்கிறாள். தறி பிடித்த கையால் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினாள்.

“ஆர் தெரிஞ்செடுத்தது?”

“நான்தான்.”

“உம்மடை ஐயாவும் தெரிஞ்செடுத்துத்தான் தந்தவர்.”

“பவளம், இது அப்பிடியில்லை. இதிலை எல்லாப் பிள்ளையளும் இருக்கினம்.”

“ஓம், இருக்கினம். பாவப்பட்டதுகளாய் இருக்கினம். என்ரை மகளுக்குப் பேய்க்கதை வேணுமாம். அவளைக் கேட்டனீரோ?”

கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இவ்வளவு பாடுபட்டேனே, ஒரு நன்றி இல்லையா என்று வாய்வரை வந்தது. அது உங்கள் கோபம். உங்கள் மூக்கு எனக்கு வந்தது தெரியும், இதுவும் வந்திருக்கிறது என்று அந்த முற்றத்தில்தான் கண்டேன்.

“அப்ப நான் என்ன செய்யவேணும் எண்டுறீர்?” என்று கேட்டேன்.

“அலுமாரித் திறப்பைத் தாரும்” என்றாள் பவளம். “என்ன வாசிக்கிறதெண்டு பிள்ளையளே பாக்கட்டும்.”

அண்ணையிடம் சொன்னேன். அவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். “உனக்கென்ன விசரோ? தலைவர் பதவி எங்கடை குடும்பத்தின்ரை. அந்தியேட்டிக்குச் சனம் கூடின இடத்திலை திறப்பை என்ரை கையிலைதான் தரவேணும். அவளுக்குக் குடுத்தால் ஐயாவின்ரை ஆத்மா சாந்தியடையுமே?”

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தியேட்டிச் சோறு தின்ன வந்த அத்தனை பேருக்கும் முன்னால் பவளத்தைக் கூப்பிட்டு, அவள் கையில் திறப்பைக் கொடுப்பேன். சத்தியம். ஆத்மசாந்திக்கு மற்றவர்கள் வேண்டட்டும், நான் வேண்டமாட்டேன். நீங்கள் இப்போதைக்குச் சாந்தியடைய வேண்டாம், ஐயா. கொஞ்ச நாள் இங்கேயே நில்லுங்கள். பவளத்தின் மகள் அலுமாரியைத் திறந்து, பிடித்ததைத் தானே எடுத்து, பிடிக்காததைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

வேறு ஐயா இல்லாத,
உங்கள் மகள்
வசந்தி