எரிச்சல் இல்லாத கண்

மாசி 19, திங்கள்

பனி இல்லை. ஏழு மணிக்கே வெயில். களத்தில் மிளகாய் வத்தல் பரப்பியாகிவிட்டது. காய்ச்சல் போய்ப் பத்து நாள். இருமல் மட்டும் மிச்சம். மூக்குக்கு வாசம் இன்னும் வரவில்லை. வத்தல் களத்தில் அது ஒரு வகையில் வசதி.

காலையிலிருந்து இடக்கண்ணில் ஒரு மங்கல். கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன்.

அத்தை: "வத்தக் காந்தல்தான். கையக் கழுவாமக் கண்ணத் தொட்டிருப்ப. நந்தியாவட்டப் பூவ ஒத்தி எடு, சரியாப் போகும்."

ஒத்தினேன். குளிர்ச்சி. மங்கல் அப்படியே.

வாங்க வேண்டியது: இருமல் மருந்து, சாக்கு ஊசி, சணல், கண் சொட்டு.

மாசி 21, புதன்

பந்தல்குடி மருந்துக்கடை. கடைக்காரர் தலை நிமிராமல், "மிளகாத் தூசா? எரிச்சல் இருக்கா?"

"லேசா" என்றேன்.

எரிச்சல் இல்லை. நீர் வடியவில்லை, சிவக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் மேலே விளக்க வேண்டும். பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சொட்டு, நாளைக்கு நான்கு வேளை. இந்த ஊரில் கண்ணுக்கு எது வந்தாலும் மிளகாய்தான் காரணம்.

மாசி 26, திங்கள்

இருமல் நின்றது. சொட்டு பாதி பாட்டில் தீர்ந்தது. பயன் இல்லை.

வத்தல் பொறுக்க நான்கு பேர். நானும் உட்கார்ந்தேன். வெயில் வலப்பக்கம், முந்தானையை அந்தப் பக்கமாக, வலக்கண் பாதி மறைய முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். சிவப்பு ஒரு பக்கம், வெளிறிய கழிவான சண்டு ஒரு பக்கம். பதினைந்து வருடமாகச் செய்கிற வேலை.

பொறுக்க வந்த பேச்சியக்கா என் சண்டுக் குவியலைக் கிளறினார். "ஏந்தாயி, நல்ல வத்தலயெல்லாம் சண்டுல தள்ளிருக்கீக? அம்புட்டா வெளஞ்சு கெடக்கு இந்த வருசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு ஒரு வத்தலைக் கையில் வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது: சிவப்பு. இடது: பழைய செங்கல் நிறம், நடுப்பகுதி காணோம். காம்பு தெரிகிறது, நுனி தெரிகிறது. வாசல் நிலையைப் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது.

பி.எஸ்ஸி. விலங்கியல். கண்ணின் படம் வரைந்து, பாகம் குறித்து, பத்துக்குப் பத்து வாங்கியவள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "லோடு போயிரட்டும். ஞாயித்துக்கெழம மதுரைக்குப் போவோம்" என்றார். தலையாட்டினேன்.

மாசி 28, புதன்

ஞாயிறு வரை இருக்கவில்லை. முதல் பஸ், தனியாக. "மதுரைக்கு வாரேன்னு அக்காகிட்டச் சொல்லிருந்தேன்" என்று அத்தையிடம் ஒரு பொய்.

கண் ஆஸ்பத்திரி. சொட்டு விட்டுக் காத்திருப்பு. வெளிச்சம் கூசியது. மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண்.

"சமீபத்துல காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"ஒரு மாசம் இருக்கும். இருமல், சளி. வீட்டுல எல்லாருக்கும் வந்துச்சு."

கண்ணுக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. கசிந்து, பார்வையின் மையத்தில் நீர் கோத்திருக்கிறது. இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு வருவதுண்டாம். அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். பி.பி., சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். கண்ணுக்குள் ஊசி. மாதம் ஒன்று, எத்தனை என்று போகப் போகத்தான் தெரியும்.

"வலி, எரிச்சல் எதுவும் இல்லையே. அப்புறம் ஏன் மிளகாத் தூசுன்னு பத்து நாள் விட்டீங்க?"

பாதி தீர்ந்த சொட்டுப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"பார்வ முழுசா வருமா?"

"கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இவருக்குப் போன் செய்தேன். "ஊசியா? கண்ணுக்குள்ளயா?" பின்னால் லாரிச் சத்தம். "இருக்கச் சொல்லு, வாரேன்" என்றார், என்னிடமா லாரிக்காரரிடமா என்று தெரியவில்லை.

களத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும் அடுத்த இருக்கை அம்மா தும்மினார், அவர் பேத்தியும். சட்டையில் வத்தல் நெடியாம். எனக்கு இன்னும் வாசம் தெரியவில்லை.

ஊசி வலிக்கவில்லை. ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.

பங்குனி 27, வியாழன்

நேற்று இரண்டாவது ஊசி. முதல் நாள் எழுத்து அட்டையில் இரண்டு வரி படித்தேன், நேற்று நான்கு. வாசல் நிலை இன்னும் வளைவு, முன்பு போல் இல்லை. அடைத்த இடத்தில் கொஞ்சம் போனது போனதுதான் என்றார் மருத்துவர். அதே பெண்தான், குரலில் கடுமை இல்லை.

காலையில் கண் லேசாக உறுத்தியது. அத்தை பூப் பறித்துவைத்திருந்தார். "டாக்டரு எதையும் வைக்கக் கூடாதுன்னாக அத்தை" என்றேன். பூவைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு வைத்துவிட்டார்.

மதியம் இவர் முற்றத்தில் பத்து வத்தல் கலந்து வைத்தார், நல்லதும் சண்டும். போன வாரம் மாதிரியே, தானாகத்தான். "வலது கண்ணப் பொத்திக்கிட்டுப் பிரி, பாப்பம்."

பிரித்தேன். குனிந்து, ஒவ்வொன்றாக. நேரம் எடுத்தது.

"ஏழு சரி" என்றார். "போன வாரம் அஞ்சுதான."

வலக்கண்ணைத் திறந்து, சரியாகப் பிரிந்ததை எண்ணினேன். ஆறு.