நோட்டில் இல்லாத தடை

என்றும் என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊர் வைத்த தடையை ஊரே நீக்க நினைத்தால், எப்படி நீக்குவீர்கள்? வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நீக்கி நான் பார்த்ததில்லை.

சுனைக்கு மேலே இருக்கும் புறம்போக்குச் சரிவைத்தான் சொல்கிறேன். ஆடிதோறும் ஊரைக் கூட்டி, சரிவின் அடியில் நிற்கும் மரத்தில் தழை கட்டுவீர்கள். கட்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒருவரும் கல் உடைப்பதில்லை. நீங்கள் எங்களை விட்டுக் கண் மூடிய பிறகு இரண்டு ஆடி வந்து போய்விட்டது. சித்தப்பா கட்டுவார் என்று நான் இருந்தேன். 'அண்ணன் வூட்டுக்காரங்க கட்டட்டும்' என்று அவர் இருந்தாராம். தழை கட்டவே இல்லை அப்பா.

இப்போது அந்தச் சரிவைக் கல் குவாரிக்குக் குத்தகை விடப் பேச்சு. வருகிற கிராம சபையில் 'ஆட்சேபணை இல்லை' என்று தீர்மானம் போட வேண்டுமாம். குவாரிக்காரர் தார் ரோடு போட்டுத் தருவாராம்.

"இன்னா பாப்பா, ஜீப்புலயே புள்ள பெத்தவ நீ. ரோடு வேணாம்னு நீயே சொல்லுவியா?" என்று சித்தப்பா கேட்டார். அப்படிப் பிறந்த சின்னவளுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் நான் ரோட்டைத்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் குடிப்பது அந்தச் சுனைத் தண்ணீர். மேலே வெடி வைத்தால் ஊற்று எந்தப் பக்கம் திரும்பும்? யாருக்காவது தெரியுமா?

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று போனில் தேடினேன். தேடல் அமெரிக்கா வரை போய்விட்டது. அங்கே சில இடங்களில், பொது நிலத்தை நிலக்கரிக்குக் குத்தகை விட வரம்பு வைத்திருந்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டு, அந்த நிலத்தைப் பார்க்கும் அரசுத் துறை பக்கம் பக்கமாக எழுதி வைத்த வரம்பு. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நீக்கிவிட்டார்கள். புதிதாகச் சட்டம் வந்தாலொழிய, அதே மாதிரி வரம்பை அந்தத் துறை திரும்ப வைக்கவும் முடியாதாம். வேலை வேண்டும் என்று அங்கேயும் ஒரு சித்தப்பா பேசியிருப்பார், இல்லையா? நீக்குவது சரி, திரும்ப வைக்கக்கூடாது என்பது எதற்கு? உங்களுக்காவது புரிகிறதா?

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. யார் நீக்கச் சொன்னார், யார் வேண்டாம் என்றார் என்று பெயர் பெயராகப் பட்டியல் இருக்கிறது.

மறுநாளே ஊராட்சி செயலரைப் பார்க்கப் போனேன். சித்தப்பாவும் அங்கே இருந்தார்.

"தீர்மான நோட்டுல அப்படி ஒரு தடையே இல்லியேம்மா," என்றார் செயலர். "இல்லாதத எப்படி ரத்து பண்றது? நேரா தீர்மானத்தப் போட்டுடலாம்."

"அப்போ மொதல்ல தடைய எழுதுங்க சார். அப்புறம் யாருக்கு வேணாமோ, அவங்க பேரப் போட்டு அத அடிக்கட்டும்."

சித்தப்பா சிரித்தார். "அண்ணன் வாயி அப்படியே வந்துருக்கு." பிறகு மெதுவாக, "என் பேரையுமா போடணும்?" என்றார்.

"உங்க பேரத்தான் மொதல்ல."



சபைக்குச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போவேன் அப்பா. ஊற்றுக்கு என்ன ஆகும் என்று குவாரிக்காரரை எழுத்தில் கேட்பேன். பதில் வரும்வரை, நோட்டில் நான் எழுத வைக்கும் தடைக்குக் கீழே என் கையெழுத்து நிற்கும். ரோட்டுக்குத் தனியாக மனு எழுதிவிட்டேன். ஜெயிப்பேன் என்று சொல்ல மாட்டேன். தோற்றால், யாரிடம் தோற்றேன் என்பது நோட்டில் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

தழை கட்ட மறந்த
உங்கள் மூத்த மகள்,
செல்வி