உன் பெட்டி வந்துவிட்டது

இன்று காலை சாவடிக்குள் நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவரோரம் இரண்டு மரப்பெட்டிகள். பச்சை பண்ணையாருக்கு, சிவப்பு நம் தெருவிலிருந்து நிற்பவனுக்கு. முன்னால் கோணித் திரை. இனிமேல் யார் எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீ கேட்ட பெட்டி வந்துவிட்டது, மச்சான். நீதான் இல்லை.

உலகச் சண்டைக்கு முந்தி இதே சாவடியில் நடந்த பஞ்சாயத்து எலெக்‌ஷனில் பெட்டியாவது, திரையாவது! ஆபீசர் பெயரைக் கூப்பிடுவார், தரையில் உட்கார்ந்திருக்கும் நாம் கையைத் தூக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் பண்ணையார் வெற்றிலை மென்றபடி ஒவ்வொரு கையாகப் பார்ப்பார். சேரிக்குக் கிணறு வேண்டுமென்று அவரை எதிர்த்து நின்றவன் நீ. அத்தனை பேரும் அவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள்.

முந்தின நாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"நீ கையத் தூக்காத மச்சான். தூக்கினா நாளைக்கு உம் புள்ளைங்க பட்டினி. எனக்கு யாரு கீறா?"

"அப்ப எதுக்குடா நிக்கிற?"

"இந்தக் கூத்து ஆபீசருக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் உன் பெயரைக் கூப்பிட்டதும் ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் உன்னுடையது. சாவடியே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஊரில் உனக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. திண்டிவனம் போய் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினாய். ஒழிந்த நேரமெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாய். விழுப்புரத்தில் ரயிலேறி உன்னைப் பார்க்க வந்த அன்று நானும் கூட நின்றேன்.

"பொட்டி வைங்க சாமி. வயித்துக்குப் பயந்த கைய எண்ணிக்கினு இருந்தா, அது ஓட்டாங்க?"

குமாஸ்தா எரிந்து விழுந்தார். "பேஜாரு புடிச்ச ஆளய்யா நீ! எலெக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சே."

"அடுத்ததுக்குச் சொல்றேங்க" என்றாய் பணிவாக. உன் பணிவில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

அந்த அடுத்தது வருவதற்குள் வாந்திபேதி உன்னைக் கொண்டுபோய்விட்டது. சேதி கேட்டு நான் ஓடி வருவதற்குள் மண்டி ஆட்களே உன்னைப் புதைத்துவிட்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. அன்று அந்த ஈரமண்ணில் உட்கார்ந்து அழுதவன், இன்று சாவடி வரிசையில் நின்றபோதும் அழுதேன்.

நம் தெருவே வரிசையில் நின்றது. ஓட்டுப் போட்டு வெளியே வந்த ஏர்க்காரன் முனியனைப் பண்ணையாரின் ஆள் மடக்கினான். "யாருக்குடா போட்ட?"

"பொட்டியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவன் நடையைக் கட்டினான். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

என் முறை வந்தது. திரைக்குள் போனேன். உனக்கென்று அங்கே பெட்டி இல்லை. சீட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நன்றாக மேலே தூக்கினேன், மச்சான். அன்றைக்கு நீ தூக்கவிடாத கை.

"ஜல்தி வாய்யா" என்று ஆபீசர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கையை இறக்கினேன். அப்புறம் சீட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. உனக்கு விழுந்த இரண்டாவது ஓட்டு அது.