பாண்டு கொண்டுவந்த தேங்காய்

மாமா,

சாப்பாட்டு மேசையில் ஒரு தேங்காய் இருக்கிறது. குடுமி எடுக்காமல், மஞ்சள் தடவிய தேங்காய். இன்று காலை பாண்டு கொண்டுவந்து வைத்தார். அவருக்கு மீதமிருக்கும் அரை ஏக்கரில் மகன் போர் போடப் போகிறானாம். உங்கள் மகன் வந்து இந்தத் தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி நடந்து தண்ணீருக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டுமாம். "அண்ணா கையில் இருந்தது அவர் மகன் ரத்தத்திலும் இருக்கும், வஹினி" என்றார். அண்ணா என்றால் நீங்கள், வஹினி என்றால் நம் அண்ணிதான். இத்தனை வருடத்தில் என்னை அவர் வேறு விதமாக அழைத்ததில்லை.

உங்கள் மகன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பதில் சொல்ல மருமகள் நான் மட்டும்தான் இருந்தேன்.

மராத்தி மண்ணில், பிம்ப்ரியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அங்கே விவசாயிக்குத்தான் நிலம் விற்பார்கள் என்பதால் தாராபுரத்துப் பட்டாவைக் காட்டி விவசாயி என்று நிரூபித்து, சாகண் ஊருக்கு அப்பால் கல் நிறைந்த ஒரு சரிவை நீங்கள் வாங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அந்தப் பக்கம் வெளியாள் ஒருவர் குடியேறியது அதுதான் முதல் தடவை. முதல் மழைக்காலம் முழுக்க அந்த ஊர்ப் பாண்டுவின் மாட்டுக் கொட்டகையில் படுத்தீர்கள். அவர் மனைவி தட்டிய பாக்ரி ரொட்டியைத் தின்றீர்கள். பகலெல்லாம் கல் பொறுக்கி உங்கள் விரல் நகங்கள் பெயர்ந்தன. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் போல் உழைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்களை ஊருக்கு அண்ணா ஆக்கியது உழைப்பு இல்லை, கிணறு.

நான் பாறைகளைப் பற்றிப் படித்தவள், கல்லூரியில் அதையே பாடம் நடத்துகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சரிவு முழுவதும் நடந்து பார்த்தேன். ஓடைக்கு மேலே ஒரு பட்டையில் மட்டும் பாறை உளுத்துப் பொருபொருத்திருந்தது. இதே மேசையில் வரைபடத்தை விரித்து, தண்ணீர் கிடைக்கும் என்று அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பார்த்தீர்கள். அடுத்த வாரம் ஊரைக் கூட்டி, தேங்காயைக் கையில் படுக்க வைத்துக்கொண்டு நடந்தீர்கள். சுற்றிச் சுற்றி வந்து, என் பெருக்கல் குறிக்கு மேல் கால் வைத்ததும் தேங்காய் எழுந்து நின்றது. தோண்டினால் தண்ணீர். கிழவர்கள்கூட உங்கள் காலைத் தொட்டார்கள். நான் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டேன். புது ஊரில் ஒட்டிக்கொள்ள ஒரு வித்தை வேண்டியிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பென்சிலைப் பற்றி நீங்கள் உங்கள் மகனிடம்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கோடையில் ஊரே உங்கள் கிணற்றில் இறைத்தது. யாரையும் நீங்கள் தடுத்ததில்லை. அதுவும் உண்மை.

இரண்டு வருடம் கழித்துப் பாண்டு தேங்காயோடு வந்தார். அவர் நிலத்தையும் நான் பார்த்திருந்தேன். ஒரு சாண் மண், அதற்குக் கீழே விரிசலே இல்லாத கருங்கல். அன்று வீட்டில் உங்களிடம் சொன்னேன், அங்கே எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் கிடைக்காது என்று. நீங்கள் மோரைக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"படிச்சவ சொல்றே, சரி. அவன் ஊருக்கு முன்னால என்ற கையைக் கேக்கறான். இப்ப இல்லைன்னா மொதக் கெணத்துக்கு என்ன சொல்றது? நீ பேசாம இரு, அம்மிணி."

நான் பேசாமல் இருந்தேன். உங்களைவிட எனக்கு மராத்தி நன்றாக வரும். பாண்டுவின் வீட்டு வாசலில் நின்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. வீட்டில் சண்டை வேண்டாம் என்றும் இருந்தது. இவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் தேடிக் கிடைக்கவில்லை.

நீங்கள் குறித்துக் கொடுத்த இடத்தில் பாண்டுவும் மனைவியும் இரண்டு கோடை தோண்டினார்கள். அடியில் தூசிதான் பறந்தது. "உங்கள் கை சரி அண்ணா, நான்தான் ஒரு முழம் தள்ளித் தோண்டிவிட்டேன்" என்று வந்து நின்றார். அப்போதாவது நீங்கள் நிறுத்தியிருக்கலாம். பத்தடி தள்ளி நடந்தீர்கள், தேங்காய் மறுபடியும் எழுந்து நின்றது. அந்த இரண்டாவது குழியில் கல் சரிந்து அவர் மனைவியின் இடது பாதம் நசுங்கியது. முதலில் மாடுகள் போயின, பிறகு நிலம் துண்டு துண்டாகப் போயிற்று. பாண்டு சாகணில் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் ஆனார். நான் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். என்னைக் கண்டால் எழுந்து சல்யூட் வைப்பார். நான் தலையசைப்பேன்.

பக்கவாதம் உங்கள் வலது கையை எடுத்துக்கொண்டது. கூடவே மராத்தியையும் இந்தியையும் எடுத்துக்கொண்டு தமிழை மட்டும் விட்டுவைத்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தமிழில் பேசினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னேன். மழை எப்படி, வெங்காயம் எப்படி, அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாலை பாண்டு டியூட்டி முடிந்து சீருடையோடு வந்து உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்.

"அந்த எடத்துல தண்ணி இல்லீன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிப்போடு. நீ அன்னைக்கே சொன்னீன்னும் சொல்லிப்போடு, அம்மிணி."

வாய் கோணியிருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. பாண்டு நிமிர்ந்து, "அண்ணா என்ன சொல்கிறார், வஹினி?" என்றார்.

முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அது நியாயமாகப் படவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நேர்மை இருந்தது.

"உன் மனைவியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்" என்றேன்.

பாண்டு உங்கள் பாதத்தில் முகத்தை வைத்து அழுதார். இந்த நிலையிலும் அண்ணாவுக்கு ஞாபகம் இருக்கிறதே என்றார். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பேச வராத மராத்தி உங்களுக்குக் காதில் விழுந்தால் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு நீங்கள் என்னிடம் எதையும் மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். பாடையின் முன்பக்கத்தைப் பாண்டுதான் தூக்கினார். கிணற்று மேட்டில் உங்கள் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. வருடா வருடம் அங்கே தேங்காய் உடைக்கிறார்கள், பேசச் சொல்லி என்னையும் அழைக்கிறார்கள். தொண்டை சரியில்லை என்பேன்.

இன்று காலை பாண்டுவிடம், அந்த நிலத்தில் போர் போட வேண்டாம், கீழே தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடம் தாமதம், ஆனால் சொன்னேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்தார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு இது எப்போது தெரியும், வஹினி?"

குரலில் சந்தேகம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"போன மாதம்தான். கல்லூரிக்குப் புது வரைபடம் வந்தது."

அவர் கை கூப்பினார். அண்ணா போனாலும் அண்ணாவின் வீடு என்னைக் கைவிடவில்லை என்றார். தேங்காயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

பால்கனிக்கு வந்து பார்த்தேன். மூன்று மாடி ஏற முடியாமல் அவர் மனைவி கீழே கேட்டருகே கட்டையில் உட்கார்ந்திருந்தார். பாண்டு குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மா சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து, அண்ணாந்து பார்த்து என்னைக் கும்பிட்டார்.

நீங்கள் சொல்லச் சொன்ன இரண்டு வாக்கியங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. மராத்தியில் பிழையில்லாமல் அமைத்து வைத்திருக்கிறேன். கீழே இறங்கிப் போகவும் நேரம் இருந்தது.

என் கைகள் தாமாக எழுந்து கூப்பிக்கொண்டன. உங்கள் கையில் அந்தத் தேங்காய் எப்படி எழுந்து நின்றது என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். இன்றைக்குத் தெரிந்துவிட்டது, மாமா.